அடி பெருத்த அடீனியா: கொங்குச் சீமையில் வளர்க்க ஒரு முழு வழிகாட்டி

இட்டேரி வேலியை, அதாவது தோட்டங்களுக்கு நடுவே ஓடும் வண்டித்தடத்தின் உயிர்வேலியை, நின்று பார்த்துப் பழகியவர்களுக்கு அடீனியா என்ற கிழங்குக்கொடி அந்நியமாகத் தெரியாது. காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி முள்கிளுவை வேலி ஓடும். அதன்மேல் பிரண்டை படர்ந்திருக்கும், கோவை ஏறியிருக்கும், எங்காவது ஒரு மூலையில் ஆகாசகருடன் சுற்றிக் கிடக்கும். வறட்சியில் கொடி காய்ந்து காணாமல் போகும். ஒரு கோடை மழை விழுந்தால் போதும், மண்ணுக்குள்ளிருந்து எழும்பி வரும். அந்த ஆகாசகருடன் கிழங்கைக் கயிற்றில் கட்டி வீட்டு வாசலில் தொங்கவிடுவது நம் ஊர் வழக்கம். மண் இல்லை, ஊற்றுவாரும் இல்லை, ஆனாலும் தொங்கிய இடத்திலேயே துளிர்க்கும். கிழங்கில் சேர்த்து வைத்ததை எடுத்துத்தான் அது துளிர்க்கிறது.

அடீனியாவும் அப்படித்தான் பிழைக்கிறது. பல இனங்களில் அந்தச் சேமிப்பு தரைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும்: பானை மாதிரி, பூசணி மாதிரி, சில சமயம் பாறை மாதிரி. செடி சேர்ப்பவர்கள் அதைக் காடெக்ஸ் என்பார்கள். இந்தக் கட்டுரையில் நான் அடிக்கிழங்கு என்றே சொல்கிறேன். என் மாடியில் முதல் செடியைப் பார்த்த அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி), "ஏங்கண்ணு, ஆகாசகருடனத் தொட்டில வெச்சிருக்கறே?" என்று கேட்டார். குடும்பம் வேறு, பிழைக்கும் வழி ஒன்று. அமுச்சியின் கண்ணில் பட்டது சரியான இடம்தான்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக் கொள்ளுங்கள்

நர்சரியில் போய் அடீனியா கேட்டால் பத்தில் ஒன்பது இடத்தில் அடீனியத்தை எடுத்துக் காட்டுவார்கள். அடீனியம் என்பது ரோஸ் நிறத்தில் பூக்கும் பாலைவன ரோஜா, அரளியின் உறவு. உடைத்தால் பால் வரும், கொடியாக ஓடாது. அடீனியா பாசிப்ளோரேசி குடும்பம். அதாவது ஊட்டி, கொடைக்கானல் பக்கம் தாட்பூட் பழம் என்று விற்கிறார்களே, அந்தப் பேஷன் ப்ரூட்டின் குடும்பம். நம் வேலிகளிலும் தரிசுகளிலும் தானாக முளைக்கிற சிறுபூனைக்காலியும் இதே குடும்பம்தான். அது அமெரிக்காவிலிருந்து வந்து இங்கேயே ஊன்றிக்கொண்ட கொடி.

அடையாளம் காண்பது எளிது. இலைக்கக்கத்திலிருந்து பற்றுக்கம்பி சுருண்டு வரும். இலைத்தாளும் காம்பும் சேரும் இடத்தில் சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கும். பூ, தாட்பூட் பூவைப் போலக் கண்ணைப் பறிக்காது. சிறிதாக, பச்சையும் வெளிர்மஞ்சளுமாக வரும். ஆண் தனி, பெண் தனி. காய் முற்றினால் மூன்றாக வெடிக்கும்.

உலகில் ஏறத்தாழ 100 அடீனியா இனங்கள் உண்டு. பெரும்பாலானவை ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இருக்கின்றன; சில அரேபியாவிலும் ஆசியாவிலும். ஏமனில் செடி சேகரிக்கப் போய் 1763-இல் அங்கேயே இறந்துபோன பீட்டர் போர்ஸ்கால் எழுதி வைத்த குறிப்புகள் 1775-இல் அச்சேறியபோதுதான் இந்தப் பேரினத்துக்குப் பெயர் கிடைத்தது.

நமக்கு நெருக்கமான கதை இன்னொன்று இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இலங்கையிலும் அடீனியா ஹொண்டாலா என்ற இனம் வளர்கிறது. கிழங்கு மண்ணுக்குள், கொடி மரத்தின்மேல், பழம் செக்கச்செவேல் என்று. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' நூலில் இதை மலபார்ப் பெயரால் 'மொதெக்கா' என்று பதிந்தார்கள். நாம் பால்முதுக்கங்கிழங்கு என்கிறோமே, அதிலுள்ள முதுக்கு என்ற சொல்தான் இது. பிறகு மொதெக்கா என்பதே ஒரு பேரினத்தின் பெயராகி, அப்புறம் அடீனியாவோடு சேர்க்கப்பட்டது. ஆப்பிரிக்க அடீனியா ஒன்றின் கிழங்கிலிருந்து பிரித்தெடுத்த கொடிய நஞ்சுக்கு இன்றும் மொடெக்சின் என்றுதான் பெயர். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கத்துக் கிழங்குச் சொல் ஒன்று ஆப்பிரிக்க நஞ்சின் பெயரில் உட்கார்ந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து இந்தச் செடிமேல் எனக்குப் பிடிப்பு கூடிவிட்டது.

நஞ்சைப் பற்றி, தொட்டி வாங்கும் முன்பே

மொடெக்சின், ஆமணக்கு விதையிலுள்ள ரைசினின் இனத்தைச் சேர்ந்த புரதம். உடலின் செல்களுக்குள் புரதம் உருவாவதையே நிறுத்திவிடும். எல்லா இனத்திலும் ஒரே அளவு நஞ்சு இல்லை. ஆனால் எது எவ்வளவு என்று வீட்டில் சோதித்துப் பார்க்க முடியாது என்பதால், எல்லாவற்றையும் கொடிய நஞ்சாகவே நடத்துங்கள். இலங்கையில் ஹொண்டாலா பழத்தைத் தின்று நஞ்சேறியவர்கள் உண்டு.

நான் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இது: வெட்டும்போதும் தொட்டி மாற்றும்போதும் ரப்பர் கையுறை. கத்தி இதற்கென்று தனி. சமையலறைக் கத்தி கூடவே கூடாது. வெட்டிய கொடியை ஆட்டுப்பட்டிப் பக்கம் எறிவதில்லை, மாட்டுத் தீவனத்தோடு கலக்க விடுவதில்லை, குழி தோண்டிப் புதைத்துவிடுகிறேன். நம் ஊரில் வீட்டுக்கு நான்கு ஆடாவது இருக்கும். பச்சை எதுவானாலும் போட்டுவிடும் பழக்கமும் இருக்கும். அதனால் வீட்டிலுள்ள எல்லோருக்கும், வேலைக்கு வருகிறவர்களுக்கும் சொல்லி வையுங்கள். தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் சில வருடம் பொறுத்து ஆரம்பிப்பது நல்லது. கை மருந்தாக எதற்கும் பயன்படுத்தாதீர்கள். யாராவது தின்றுவிட்டால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனை, கையில் செடியின் ஒரு துண்டோடு.

எந்த இனத்தில் தொடங்குவது

அடீனியா கிளாக்கா. தயக்கமே வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் வடபகுதியிலும் போட்ஸ்வானாவிலும் பாறைகளுக்கு நடுவே வளர்வது. ஐந்து பிரிவாகப் பிளந்த, சாம்பல்நீலம் பூசிய இலை. அடிக்கிழங்கு பச்சையாக, வழவழப்பாக இருக்கும். அந்தப் பச்சைத் தோல் இலை இல்லாத மாதங்களிலும் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும். தண்ணீரில் செய்யும் சின்னத் தவறுகளை இந்த இனம் பொறுத்துக்கொள்ளும்.

இரண்டாவதாக அடீனியா குளோபோசா, கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு உரியது. பாறாங்கல் போன்ற உருண்டை, அதிலிருந்து கிளம்பும் பச்சை முள்கிளைகள், இலை இருந்தும் இல்லாத மாதிரி. வயதான செடி மனிதனால் கட்டிப்பிடிக்க முடியாத அகலத்துக்குப் போகும். நம் வெயிலுக்கு ஏற்றது, ஆனால் முள்ளுக்கு இடம் ஒதுக்க வேண்டும். அடீனியா ஸ்பினோசாவும் இதே போக்குதான். மடகாஸ்கரின் பிரிங்காலவென்சிஸ் அழகானது என்றாலும் நிதானமாகப் பிறகு வாங்குங்கள்.

செடியை எங்கிருந்து வாங்குவது

விதையிலிருந்து வளர்த்த நாற்றையே வாங்குங்கள். காட்டிலிருந்து பெயர்த்த முதிய கிழங்கு விலைக்கு வந்தால் ஆசைப்படாதீர்கள். அந்த அளவுக்கு வளர அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகியிருக்கும். வேரை வெட்டிக் கொண்டுவந்ததால் இங்கே தொட்டியில் மெல்ல மெல்லச் சாகவும் செய்யும். பிரிங்காலவென்சிஸ் உட்பட மடகாஸ்கரின் மூன்று அடீனியா இனங்கள் 2013 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. காரணம் இந்த வியாபாரம்தான். தோல் முழுக்க வடுவும் கீறலும், அடியில் அரிவாளால் வெட்டிய கட்டை வேர்களும் இருந்தால் அது காட்டுச்செடி என்று சந்தேகப்படலாம்.

வெளிநாட்டு விதையைத் தபாலில் வரவழைப்பதும் சாதாரண வேலை இல்லை. 2003-ஆம் ஆண்டின் இறக்குமதித் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி அனுமதியும் நோயற்ற சான்றும் வேண்டும். உள்நாட்டில் வளர்ப்பவர்களிடம் வாங்குவதே நேர்வழி.

இன்னொரு ஏமாற்றத்தையும் சொல்லியாக வேண்டும். கோவைக்கு வெளியே ஒரு நர்சரியில் கிளாக்கா என்று நல்ல விலைக்கு ஒன்று வாங்கினேன். இரண்டு வருடம் ஆகியும் அடி பெருக்கவில்லை. தட்டிப் பார்த்தபோது அது கிளைத்துண்டை நட்டு வேர் விடவைத்தது என்று தெரிந்தது. கிளைத்துண்டு வேர் பிடிக்கும், கொடியும் ஓடும், ஆனால் விதைச்செடிக்கு வரும் அந்த உருண்டு திரண்ட அடி அதற்கு வருவதில்லை. வாங்கும்போது மேல்மண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். விதை நாற்றென்றால், விரல் நீளச் செடியாக இருந்தாலும், அடியில் சின்னதாக ஒரு முள்ளங்கித் திரட்சி இருக்கும்.

விதை போடுதல்

பங்குனி கடைசியிலிருந்து வைகாசிக்குள் போடுங்கள். இரவும் சூடாக இருக்கும் மாதங்கள் இவை. முளைப்புக்கு அதுதான் தேவை. விதையைச் சுற்றியுள்ள சதைப்பூச்சு ஒட்டியிருந்தால் கையுறை போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஓர் இரவு தண்ணீரில் ஊறவையுங்கள். சலித்த செம்மண்ணும் கழுவிய மணலும் சரிபாதி. விதை எவ்வளவு தடிமனோ அவ்வளவு ஆழம் போதும். நிழலில் வைத்து, மேல்மண் காயாமல் தெளித்து வாருங்கள்.

ஒரு விதை 15 நாளில் வரும், பக்கத்து விதை இரண்டு மாதம் கழித்து வரும். முளைக்காததைக் கிண்டிப் பார்க்காதீர்கள். முதல் வருடம் முழுக்க நாற்றுக்கு நேர்வெயில் வேண்டாம், முழு வறட்சியும் வேண்டாம். சேமிப்பு இன்னும் சேரவில்லை அல்லவா.

மண்ணும் தொட்டியும்

கரிசலை மறந்துவிடுங்கள், ஈரத்தைப் பிடித்தால் விடாது. பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் தென்னைநார்க் கழிவும் இந்தச் செடிக்கு ஆகாது. மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே நாள்கணக்கில் ஈரம் நிற்கும். நான் கலப்பது: சலித்த செம்மண் ஒரு பங்கு, பட்டாணி அளவு உடைத்த செங்கல் சல்லி ஒரு பங்கு, தூசி போகக் கழுவிய பெருமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் கால் பங்கு. எம் சாண்ட் போடுவதென்றால் நான்கைந்து முறை அலசுங்கள். அதிலுள்ள பவுடர் சிமெண்டு போல இறுகும். கலந்ததைத் தொட்டியில் நிரப்பி ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். மேலே தேங்கி நிற்காமல் உடனே இறங்கி அடியில் ஒழுக வேண்டும். தேங்கினால் இன்னும் சல்லி சேருங்கள்.

தொட்டி மண் தொட்டியாகவே இருக்கட்டும். கிழங்கைச் சுற்றி இரண்டு விரல் இடம் போதும். பெரிய தொட்டியில் சின்னச் செடி வைத்தால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கி, அழுகல் அங்கிருந்து ஆரம்பிக்கும். அடியில் தட்டு வைக்காதீர்கள்.

முதல் இரண்டு மூன்று வருடம் அடிக்கிழங்கை மண்ணுக்குள்ளேயே விடுங்கள், வேகமாகப் பெருக்கும். பிறகு தொட்டி மாற்றும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்குங்கள். ஒரே தடவையில் முழுக்க வெளியே எடுத்தால் மண்ணுக்குள் இருந்த இளந்தோல் வெயிலில் வெந்து வெளுத்துவிடும். அந்தத் தழும்பு ஆயுளுக்கும் மாறாது.

இடம்: கால் நிழலில், தலை வெயிலில்

ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் இது பாறை இடுக்கிலோ புதரடியிலோ முளைத்து, கொடி மட்டும் மேலே ஏறி வெயிலைத் தேடும். அதே ஏற்பாட்டை மாடியில் செய்துகொடுங்கள். கைப்பிடிச் சுவரின் நிழல் தொட்டியில் விழட்டும். கொடியை ஒரு கம்பியிலோ மூங்கில் குச்சியிலோ மேலே ஏற்றி விடுங்கள். கிழக்கு வெயில் தாராளமாகப் படலாம். மேற்கு வெயில் கத்திரியில் ஆகாது. பங்குனி முதல் வைகாசி வரை கிழங்கின்மேல் ஒரு ஓட்டுத் துண்டையோ தட்டைக் கல்லையோ சாய்த்து வையுங்கள். குளோபோசா மட்டும் பழகிவிட்டால் முழு வெயிலையும் தாங்கும்.

தண்ணீர்: மாதக் கணக்கு

இந்தச் செடிக்கு நம் ஊர் ஏன் பொருந்துகிறது என்றால், மேற்கு மலைக்குப் பின்னால் மழை மறைவில் நாம் இருக்கிறோம். தென்மேற்குப் பருவம் கேரளத்தில் கொட்டும்போது நமக்குக் காற்றும் தூறலும்தான் மிச்சம். சென்னையிலோ கொச்சியிலோ காற்றின் ஈரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும், இங்கே அது இல்லை. ஒரே ஒரு ஆபத்து ஐப்பசி, கார்த்திகை. கோவையின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவத்தில்தான் விழுகிறது. செடி தூங்கப் போகும் நேரத்தில் வானம் தண்ணீர் ஊற்றுகிறது. இந்த இரண்டு மாதத்தைக் கடத்தத் தெரிந்தால் மற்ற பத்து மாதம் தானாக ஓடும்.

மாசியில் கிழங்கின் உச்சியில் மிளகு அளவில் பச்சைப் புள்ளி தெரியும். அதைப் பார்த்த பிறகே முதல் தண்ணீர், அதுவும் ஒரு டம்ளர். துளிர் விரல் நீளம் வந்ததும் நன்றாக நனையும்படி ஊற்றுங்கள். சித்திரை, வைகாசியில் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்ததைக் குச்சி செருகிப் பார்த்துவிட்டு. மாலையில் ஊற்றுவது நல்லது; பகலில் தொட்டி கொதித்துக் கிடக்கும்.

ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வரும் காற்று தொட்டியை ஒரே நாளில் உலர்த்திவிடும். மேகமூட்டத்தைப் பார்த்துத் தண்ணீரை விட்டுவிடாதீர்கள். அதே காற்று கொடியைப் பிடித்து ஆட்டி அடிக்கிழங்கில் சேரும் இடத்தில் கிழிக்கும். மூன்று இடத்திலாவது தளர்வாகக் கட்டி வையுங்கள். ஆவணி, புரட்டாசி வளர்ச்சியின் உச்சம். தண்ணீர் தாராளம், மாதம் ஒருமுறை ஒரு கைப்பிடி மக்கிய உரம். நைட்ரஜன் உரம் வேண்டாம். கொடி ஓடும், கிழங்கு பெருக்காது.

ஐப்பசி முதல் வாரமே தொட்டியைத் தாழ்வாரத்துக்கோ தகரத்துக்கடியிலோ மாற்றுங்கள். நான் தோற்றது இங்கேதான். ஒரு கார்த்திகையில் வெளியூர் போயிருந்தேன், ஐந்து நாள் மழை பெய்தது. தொட்டிக்கடியில் டைல்ஸ் அழுக்காகக் கூடாதென்று வைத்த தட்டு நிரம்பி நின்றது. ஏழு வருடச் செடி. மேலே இலைகூட வாடவில்லை, ஆனால் அடியைத் தொட்டதும் விரல் உள்ளே போனது. அன்றிலிருந்து என் வீட்டில் எந்தத் தொட்டிக்கும் தட்டு கிடையாது.

இலை மஞ்சளாகத் தொடங்கினால் தண்ணீரைப் பாதியாக்கி, இலை முழுக்க உதிர்ந்ததும் நிறுத்துங்கள். நம் குளிர் இலையைக் கட்டாயம் உதிரவைக்கும் அளவுக்குக் கடுமையானதில்லை. சில செடி தை வரை இலையோடு நிற்கும். அப்போது மாதம் பார்க்காமல் செடியைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள்: இலை நிற்கும்வரை பத்து நாளுக்கு ஒருமுறை கொஞ்சம். சின்ன நாற்றுகளுக்கு மட்டும் மார்கழி, தையிலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு வாய்த் தண்ணீர். பெரிய கிழங்கு லேசாகச் சுருங்கினால் பயப்படாதீர்கள். மாசியில் நிரம்பிவிடும்.

போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் தொட்டி ஓரத்தில் வெள்ளை பூக்கும். வருடத்துக்கு இரண்டு முறை மழைத் தண்ணீரைப் பிடித்து, அடி வழியாக நன்றாக ஓடும்படி ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள்.

அழுகலும் மாவுப்பூச்சியும்

வாரம் ஒருமுறை கிழங்கை விரலால் அழுத்திப் பாருங்கள். கல் போலவோ உருளைக்கிழங்கு போலவோ இருந்தால் நலம். ஒரு இடம் மெத்தென்று இருந்தால் அன்றே தொட்டியிலிருந்து எடுத்து, கத்தியால் நல்ல சதை தெரியும்வரை வெட்டுங்கள். பழுப்புக் கோடு ஒன்று மிச்சமிருந்தாலும் அது திரும்பப் பரவும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். கந்தகத்தூளைத் தடவி, நிழலில் காற்றுபடும் இடத்தில் இரண்டு வாரம் காயவிட்டுப் பிறகு உலர்ந்த மண்ணில் வையுங்கள். பாதி பிழைக்கும். மாவுப்பூச்சி துளிர்க்கணுவில் ஒளியும். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தால் போய்விடும்.

இலை தின்ன வரும் விருந்தாளி

ஒரு நாள் காலையில் இலையெல்லாம் நரம்பு மட்டும் மிஞ்சி நிற்கும். பார்த்தால் முள்முள்ளாகச் செம்பழுப்புப் புழுக்கள். இவை டானி கோஸ்டர் என்ற பட்டாம்பூச்சியின் புழுக்கள். செங்காவிச் சிறகில் கருப்புப் புள்ளிகளோடு, அவசரமே இல்லாமல் தாழ்வாகப் பறக்குமே, அதுதான். சிறுபூனைக்காலி, தாட்பூட், மலைக்காட்டு ஹொண்டாலா என்று இந்தக் குடும்பம் முழுக்க அதற்குத் தெரியும். வேறு கண்டத்து அடீனியாவையும் மோப்பம் பிடித்து வந்துவிடுகிறது. இதன் உடலிலும் நஞ்சு இருப்பதால் பறவைகள் தொடுவதில்லை. அதனால்தான் அந்த நிதானம்.

மருந்து அடிக்காதீர்கள் என்றே சொல்வேன். சேமிப்புள்ள செடி மூன்று வாரத்தில் மறுபடி இலை விடும். வருடத்துக்கு ஒரு தடவை மொட்டையானால் ஒன்றும் ஆகாது. சின்ன நாற்றை மட்டும் கொசுவலைத் துணியால் மூடுங்கள். நான் வேலியோரம் சிறுபூனைக்காலியைப் பிடுங்காமல் விட்டிருக்கிறேன். தொட்டியில் கண்ட புழுவைக் குச்சியால் எடுத்து அங்கே விட்டால் அங்கேயே வளர்ந்து கூடு கட்டுகிறது.

கவாத்தும் விதையும்

கொடியை வெட்டுவது மாசியில், துளிருக்குச் சற்று முன். அடிக்கிழங்கிலிருந்து ஒரு சாண் விட்டு மேலே வெட்டினால் புதுக்கிளை நெருக்கமாக வரும். வெட்டுவாயில் சாறு வடிந்தால் துணியால் ஒற்றி, அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஒற்றைச் செடி வைத்திருந்தால் காய் எதிர்பார்க்க முடியாது. ஆண் பூவா பெண் பூவா என்று முதல் பூப்பில் பார்த்துக் குறித்து வையுங்கள்: பெண் பூவின் நடுவில் பச்சைச் சூலகம் உருண்டையாகத் தெரியும், ஆண் பூவில் மகரந்தக் கம்பிகள் மட்டும். இன்னொரு ஊர்க்காரரிடம் எதிர்ப்பாலினச் செடி இருந்தால், காலையில் மலர்ந்த ஆண் பூவைச் சின்ன டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து, மெல்லிய தூரிகையால் தொட்டு வைக்கலாம். என் பெண் செடிக்கு அவிநாசியிலிருந்து பஸ்ஸில் வந்தது ஆண் பூ. மூன்று காய் பிடித்தன. காய் நிறம் மாறத் தொடங்கியதும் கொசுவலைத் துணியில் கட்டிவிடுங்கள்; இல்லாவிட்டால் வெடித்து விதை சிதறும், பழம் என்று எடுத்துக் கடிக்கக் குழந்தைகளும் வருவார்கள். எடுத்த விதையைக் கழுவி, நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, காகித உறையில் போட்டு, "நஞ்சு" என்று மேலே எழுதி, தேதியும் தாய்ச்செடி எது என்பதும் குறித்து வையுங்கள். அடுத்த பங்குனிக்குள் போட்டுவிடுவது நல்லது, பழைய விதை சரியாக முளைப்பதில்லை. அவிநாசிக்காரருக்குப் பாதி உறை போய்ச் சேர்ந்துவிட்டது.